சாராயம் குடித்த பாசி

அருள்,

நீ கேட்ட இரண்டு வரியை நான் எழுதித் தரப்போவதில்லை. இதை உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நீ அந்த நோட்டீஸின் மாதிரியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. முதலில் நான் யோசிக்கிறேன் என்று நினைத்தாய். பிறகு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைத்தாய். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிம்மா, ஒனக்கு இஷ்டமில்லேன்னா விடு" என்று சொல்லிவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உன்னை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய உன் அப்பா, "ஒரு போட்டோதானே, குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றார். கல்லூரியில் இருபது வருஷமாகப் பேசியே பிழைப்பவள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி ஊமையாகிவிடுகிறாள் என்று நீங்கள் இருவரும் வியப்பது எனக்குத் தெரியும். வகுப்பில் கேள்வி என்னுடையது, அதனால் பதிலும் தயாராக இருக்கும். வீட்டில் அப்படி இல்லை.

உன் நோட்டீஸில் இருப்பது நம் கூடத்தில் மாட்டியிருக்கும் படம். கல்லூரிக் கண்காட்சியில் எடுத்தது. இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். ஒரு குடுவையில் வெளிறிய பச்சை, இன்னொன்றில் வாழையிலையைப் போல அடர்ந்த பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அந்த வித்தியாசம் தெரிகிறது. அதற்குக் கீழே நீயோ உன் கம்பெனியோ எழுதியிருக்கும் வாசகம்: 'தாவரவியல் விரிவுரையாளர் தம் ஆய்வில் கண்ட அதே வளர்ச்சி ஹார்மோன், இப்போது உங்கள் வயலுக்கு!' இதற்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டு, இரண்டு வரி பாராட்டும் எழுத வேண்டும் என்றாய். புது வேலையில் நீ விற்கப்போகும் பயிர் டானிக்குக்கு முதல் ஆளாக உன் மாமா சவரி பெயர் கொடுத்திருக்கிறான் என்றும் சொன்னாய். நெரவியில் இருக்கிற நிலம் முழுவதற்கும், இந்தச் சம்பாவுக்கே. "அக்காவே கண்டுபுடிச்சதுன்னா அப்பறம் என்ன யோசனை?" என்று அவன் சொன்னானாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருக்கும் பாசி சவரியின் வயலிலிருந்து வந்தது. உனக்கு அப்போது பதினோரு வயது. நான் முப்பதைத் தாண்டி, உன்னையும் வீட்டையும் கல்லூரி வேலையையும் வைத்துக்கொண்டு எம்.ஃபில் படிப்புக்குப் பதிவு செய்திருந்தேன். திருச்சியில் இருந்த என் பேராசிரியர் கொடுத்த தலைப்பு, செடிகளை வளர்க்கும் ஹார்மோன்கள் பச்சைப் பாசியை என்ன செய்கின்றன என்பது. செடிக்குள் மிகச் சிறிய அளவில் ஊறி, தண்டை நீளச் செய்வதும் வேரை விடச் செய்வதும் இந்த ஹார்மோன்கள்தான். பாசிக்குத் தண்டும் இல்லை, வேரும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு செல்லாக மிதக்கும் பாசி. அதன் மேல் அந்த ஹார்மோன் பட்டால் ஏதாவது நடக்குமா? கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நடவு முடிந்து தண்ணீர் கட்டி நின்ற வயலில் நான் ஒரு போத்தலில் பச்சைத் தண்ணீரை மொண்டபோது சவரி வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். "ஏங்க்கா, பாசி புடிச்சுப் பயிரு மூச்சு முட்டுதுன்னு அள்ளிக் கொட்ட நான் ஆளு விட்டிருக்கேன். நீ இத வீட்டுக்குக் கொண்டுபோயி வளக்கப் போறியா?" என்றான். "படிச்சா இப்படித்தான் ஆவும்போல" என்று களையெடுக்க வந்த பெண்களிடமும் சொன்னான்.

செய்முறை எளிது. உப்புகள் கலந்த தண்ணீரைக் குடுவைகளில் ஊற்றி, எல்லாவற்றிலும் ஒரே அளவு பாசியை விட்டு, ஒரே ஜன்னலோரம் வைக்க வேண்டும். சிலவற்றில் ஹார்மோன். ஒன்றில் மட்டும் ஹார்மோன் கிடையாது. மற்றவற்றில் நடப்பதை அதோடு வைத்துத்தான் பார்க்க முடியும் என்பதால், உண்மையில் முக்கியமான குடுவை அதுதான். அதை நாங்கள் ஒப்பீட்டுக் குடுவை என்போம். ஹார்மோன் தூள் தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். கல்லூரி ஸ்பிரிட் பர்மிட் வாங்கித்தான் வரும். அந்தப் பருவத்தில் பர்மிட் எந்த மேசையில் தூங்கியதோ, ஸ்பிரிட் வரவேயில்லை. பாசி தயாராக இருந்தது, நான் தயாராக இருந்தேன், கண்காட்சிக்கும் நாள் நெருங்கியது. நம் வீட்டில் உட்கார்ந்து இதைக் கேட்ட சவரிதான் வழி சொன்னான். "காலேசு ஸ்பிரிட்டும் நம்ம கடைச் சரக்கும் ஒரே சாமான்தானேக்கா. அது பர்மிட்டோட வரும், இது பர்மிட் இல்லாம வரும்." வேறு ஊராக இருந்தால் இந்த யோசனையே யாருக்கும் தோன்றியிருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம், நாகூரில், மதுவிலக்கு. இந்தப் பக்கம் கல்லூரிக்கும் சாராயக்கடைக்கும் நடுவில் ஒரு தெருதான். நான் போக முடியாது, அவன் போனான். கடைக்காரர் "யாருக்குய்யா இந்நேரத்துல?" என்று கேட்டதற்கு, "எங்க அக்காவுக்கு" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். "டீச்சரம்மாவுக்கா! எப்பலேர்ந்துப்பா?" என்று அவர் பதறிப்போனாராம். அடுத்த ஞாயிறு கோயிலில் இரண்டு பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆல்கஹால் என்றால் ஆல்கஹால்தானே என்று நானும் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிட் என்றால் சில சொட்டு போதும். சாராயம் வலு குறைந்தது, அதனால் நிறைய விட வேண்டியிருந்தது. கரைந்தது. குடுவைகளில் சேர்த்தேன். ஒப்பீட்டுக் குடுவையில் அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரத்துக்குள் ஹார்மோன் குடுவைகள் கரும்பச்சையாகிவிட்டன. நீ உன் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வந்து காட்டினாய். கண்காட்சியில் கூட்டம் மற்ற மேசைகளை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தது. போட்டோக்காரர் குடுவைகளுக்குப் பின்னால் என்னை நிற்கவைத்து, "கொஞ்சம் சிரிங்க டீச்சர்" என்றார். உற்றுப் பார்த்தால் தெரியும், சிரித்திருக்கிறேன்.

பிறகு பேராசிரியரிடம் காட்டுவதற்காகக் கரைசலையும் பாசியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நாகூர் போய் ரயில் பிடிக்க வேண்டும். எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி மதுவிலக்கு போலீஸ்காரர் ஏறினார். வெளிச்சம் பட்டால் ஹார்மோன் கெட்டுவிடும் என்று கரைசல் பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தேன். அவர் கை நேராக அதற்குத்தான் போனது.

"என்னம்மா இது, காயிதம் சுத்திக் கொண்டாறீங்க?"

"காலேஜ் மருந்துங்க. செடி வளர்றதுக்கு."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "செடி வளர்றதுக்கா? ஆளு தள்ளாடுற வாசன வருது."

"அதுல கரைச்சிருக்குங்க. உள்ள இருக்கிறது ஹார்மோன்."

பின் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர், "டீச்சரம்மா, நாகூர் வர்றதுக்குள்ள நமக்கும் கொஞ்சம் ஊத்துங்க, நாமளும் வளர்ந்துக்குவோம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனூண்டுக்கு நான் கேஸ் எழுதினா ஸ்டேஷன்ல என்னயத்தான் கேலி பண்ணுவாங்க. பத்திரமா வையுங்க" என்று மூடியைத் திருகிக் கொடுத்தார். திருச்சி போகும்வரை அவமானத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்திருக்க வேண்டியது வேறு. ஒரே பாட்டில்தான். அவருக்கு அதில் இருந்தது சாராயம். எனக்கு அதில் இருந்தது ஹார்மோன். பாசிக்கு அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

பேராசிரியர் மிகவும் சந்தோஷப்பட்டார். இதைக் கட்டுரையாக எழுதலாம், இதைத் தொடர்ந்தே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்றார். ஊருக்குத் திரும்பியபோது கல்லூரிக்கு ஸ்பிரிட் வந்திருந்தது. கட்டுரைக்கு இன்னொரு முறை செய்து பார்ப்பது வழக்கம் என்பதால், இம்முறை முறைப்படி ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்தேன். கரும்பச்சை வரவில்லை. குறைந்த அளவு ஹார்மோன் ஊற்றிய குடுவைக்கும் ஒப்பீட்டுக் குடுவைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போனபோது பாசி தளர்ந்து, வெளுத்து, அடியில் படிந்தது. ஜன்னலை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். கடைசியில் சவரியைத் திரும்பவும் கடைக்கு அனுப்பினேன். ஒரு குடுவையில் ஹார்மோனே இல்லாமல் சாராயம் மட்டும் விட்டேன். அது கரும்பச்சையானது. கண்காட்சியில் வைத்த அதே பச்சை. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் காய்ச்சிய சரக்கில் பாசிக்கு உணவாக எது இருந்தது, ஆல்கஹாலேதானா, கூட வந்த வேறு ஏதாவதா, பாசியோடு சேர்ந்து வளர்ந்த வேறு உயிரா என்று பிரித்துப் பார்க்க என்னிடம் வசதி இல்லை. ஹார்மோன் அல்ல என்பது மட்டும் தெரிந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நானே எல்லோரிடமும் சொன்னேன். "அப்ப அது குடிகாரப் பாசியாக்கா!" என்று சவரி சிரித்துப் புரையேறினான். நீ ஒரு வாரம் குடுவையின் முன்னால் தள்ளாடி நடந்து காட்டினாய். பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம். படம் மட்டும் சுவரில் இருந்தது. அதை மாட்டியவர் உன் அப்பா. "நீ நல்லா விழுந்திருக்கே, இருக்கட்டும்" என்றார். வருஷக்கணக்கில் அதைப் பார்த்து வளர்ந்த உனக்குக் கதை கழன்று விழுந்து, இரண்டு குடுவைகளும் ஒரு சிரித்த முகமும் மிஞ்சியிருக்கின்றன. இதில் உன் தவறு என்று எதுவும் இல்லை. படத்தின் இயல்பு அது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. என் படிப்பு நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்தது. "மொத தடவ வந்ததையே எழுதுங்கம்மா. சாராயம்னு எதுக்கு எழுதணும், ஆல்கஹாலில் கரைத்துன்னு எழுதுங்க. பொய் இல்லையே" என்றார். பொய் இல்லைதான். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் உன் நோட்டீஸிலும் பொய் இல்லை. நான் விரிவுரையாளர்தான், ஆய்வு செய்தேன்தான், உன் டானிக்கில் இருப்பதும் அதே வகை ஹார்மோனாக இருக்கலாம். வார்த்தைகள் உண்மையாகவும் மொத்தம் பொய்யாகவும் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இரண்டாவது முறை வந்ததை எழுதினேன். ஹார்மோன் குறைவாக இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, கூடினால் கெடுதல் என்று ஒரு மெல்லிய ஆய்வேடு. பட்டம் கொடுத்தார்கள். முனைவர் பட்டப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்காக வருந்தினேனா என்று நீ கேட்டால், சில வருஷம் வருந்தினேன். இப்போது அது எப்போதோ இருந்த ஒரு காய்ச்சலைப் போலத்தான் நினைவிருக்கிறது. உன்னை நல்லவனாக்குவதற்காக இதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. சாராயம் மட்டும் விட்ட குடுவையைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஒன்று தோன்றும். என் பாசி ஒரு செல், மாமாவின் நெல் பயிர். பாசிக்கு நடக்காதது நெல்லுக்கு நடக்கலாமே. நடக்கலாம். உன் டானிக் நல்லதாகவே இருக்கலாம். அது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வேலை செய்யும் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. என் படம் அதைச் சொல்கிறது என்பதுதான் பிரச்சினை. இன்னொன்று, உன் மாமாவை உனக்குத் தெரியும். ஒரு மூடி ஊற்றச் சொன்னால் இரண்டு மூடி ஊற்றுகிற ஆள். பல்வலிக்கு மாத்திரையைக்கூட அப்படித்தான் போடுகிறான். கூடுதலாக ஊற்றிய குடுவைகள் வெளுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடுவைகளை யாரும் படம் எடுக்கவில்லை. அவனுடைய ஒரு வருஷச் சாப்பாடு அந்த நிலத்தில் நிற்கிறது.

நாம் ஆசைப்பட்டது நடந்துவிட்டால், அதற்குக் காரணம் நாம் செய்த காரியம்தான் என்று உடனே எழுதிவிடுகிறோம். நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. ஒன்பதாவதில் நீ கணக்கில் தோற்றாய். பத்தாவதில் உன்னைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம் ட்யூஷனில் சேர்த்தேன். வகுப்பில் இரண்டாவதாக வந்தாய். "எங்கையில வந்த புள்ள சோடை போவாது" என்று வாத்தியார் ஊரெல்லாம் சொன்னார். அடுத்த வருஷம் அவர் வீட்டில் செருப்பு விட இடமில்லை. உன் அப்பா தான் வேளாங்கண்ணிக்கு நடந்ததால் என்றார். நான் தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்ததால் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வருஷம்தான் உனக்குக் கண்ணாடியும் போட்டோம் என்பது எங்கள் மூவருக்குமே மறந்துவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் முழுவதும் உனக்குக் கரும்பலகையே தெரியவில்லை. ட்யூஷன் இல்லாமல் கண்ணாடி மட்டும் போட்ட இன்னொரு அருள் நம் வீட்டில் இல்லை, அதனால் எது உதவியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு ஒப்பீட்டுக் குடுவை கிடையாது. நான் உனக்கு என்ன கொடுத்தேன், அதை எதில் கரைத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அதனால் உன் விஷயத்தில் நான் எந்தப் பெருமையும் எடுத்துக்கொள்வதில்லை. நீ அதைப் பாசக்குறைவு என்று நினைத்த நாட்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அது பாசக்குறைவு அல்ல. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேச வரவில்லை.

ஆனால் வயலுக்கு ஒப்பீடு வைக்க முடியும். அதற்காக நேற்று நெரவிக்குப் போய்ச் சவரியைப் பார்த்தேன். வாய்க்காலை ஒட்டிய துண்டு ஒரு மா, ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, வரும். ஒரே மண், ஒரே நாளில் நட்ட பயிர். அதை மூன்றாகப் பிரித்துக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு பாகத்துக்கு உன் டானிக், சீட்டில் சொன்ன அளவு, ஒரே மூடி. இன்னொரு பாகத்துக்கு அதே தெளிப்பானில் வெறும் தண்ணீர். மூன்றாவது பாகத்துக்கு ஹார்மோன் சேர்க்காத டானிக். மீதி நிலத்துக்கு இந்த வருஷம் எதுவும் கிடையாது. சவரி முதலில் முறைத்தான். "வெறுந்தண்ணிய ஏன்க்கா கைத்தெளிப்பானப் போட்டு அடிக்கணும்? பாக்குறவன் என்னய என்னன்னு நெனைப்பான்?" என்றான். பழைய குடுவையை நினைவுபடுத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப மூணாவது பாத்திக்கு நான் கடைக்குப் போவ வேணாமா?" என்றான். சம்மதித்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்றாவது பாட்டில் உன் பொறுப்பு. கம்பெனியில் உன் மேலதிகாரியிடம் போய், இந்த டானிக்கை எதில் கரைக்கிறீர்கள், அது மட்டும் ஒரு பாட்டில் வேண்டும் என்று கேள். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கொடுத்தால் அங்கேயே வேலை பார். சிரித்துவிட்டு மறுத்தாலும் வேலையை விட வேண்டியதில்லை. முதல் மாதச் சம்பளம்கூட வாங்காதவனுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்தார்கள் என்பதை உனக்குள் மறைத்துக்கொள்ளாதே. எந்த விவசாயியிடம் விற்றாலும், ஓர் ஓரத்தில் கொஞ்ச இடத்தை வெறும் தண்ணீருக்கு விட்டுவைக்கச் சொல்லிவிட்டு விற்றுக்கொள். அதற்கு என் கையெழுத்து தேவையில்லை.

நோட்டீஸை அச்சுக்குக் கொடுத்திருந்தால் என் படம் இருக்கும் இடத்தை எடுத்துவிடச் சொல். அங்கே கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும். தை மாதம் அறுப்புக்கு லீவு சொல்லிவிட்டு வா. மூன்று பாகத்தையும் தனித்தனியாக அடித்து, தனித்தனியாகத் தூற்றி, நீயே மரக்காலைப் பிடித்து அள. உன் பாகம் மற்ற இரண்டையும் மிஞ்சி நின்றால் போட்டோக்காரரை நான் கூட்டி வருகிறேன். சேற்றில் இறங்கி, நெல்லை அணைத்துக்கொண்டு, அவர் சொல்வதற்கு முன்பே சிரிக்கிறேன். மூன்றும் ஒரே அளவாக வந்தால் மூன்றையும் ஒரே குதிரில் கொட்டிவிட்டுச் சாப்பிட வா. புது நெல்தானே, சோறு நன்றாகத்தான் இருக்கும்.

அம்மா